பருமனும் பிள்ளையின் தன்னம்பிக்கையும்

திருவனந்தபுரத்தின் பழைய கடைத்தெரு சாலை. கிழக்குக்கோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் வரை அது நீண்டு கிடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் ராஜா கேசவதாஸ். அவர்தான் இந்தச் சந்தையை உருவாக்கினார். தமிழ் பேசும் வணிகர்களும் தொழிலாளர்களும் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கிறார்கள்.

சாலையில் கிடைக்காத உணவுப் பொருள் இல்லை. ஒரு பக்கம் முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பயறு, மரச்சீனிக் கிழங்கு. வாழைக்குலைகள் வரிசையாகத் தொங்கும். இன்னொரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் நேந்திரங்காய் உப்பேரி பொரியும். அதன் மணம் தெருவையே நிறைக்கும். பக்கத்துக் கடையில் வண்ண வண்ணப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். குளிர்பானப் பெட்டியும் வாசலிலேயே இருக்கும்.

நல்ல உணவும் இங்கே இருக்கிறது. அளவோடு உண்ண வேண்டிய உணவும் இங்கே இருக்கிறது. எதை எவ்வளவு வாங்குவது? அதை முடிவு செய்வது கையில் உள்ள பணம் மட்டும் அல்ல. உணவைப் பற்றிய அறிவும்தான். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த அறிவு மிகவும் தேவை.

பிள்ளை மெலிந்திருந்தால் நாம் கவலைப்படுகிறோம். பருமனாக இருந்தாலோ, சிலர் மகிழ்கிறார்கள். சிலர் கேலி செய்கிறார்கள். இரண்டும் சரியல்ல. என்ன செய்வது சரி? அதைத்தான் இந்தப் பாடம் சொல்கிறது.

எது பருமன்?

பார்த்த பார்வையில் ஒரு பிள்ளையைப் பருமன் என்று சொல்லிவிடக் கூடாது. சில பிள்ளைகளுக்கு எலும்பும் தசையும் பெரிதாக இருக்கும். சிலர் வயதுக்கு வரும்போது சிறிது சதை போடுவார்கள். பிறகு உயரமாக வளர்ந்து சரியாகி விடுவார்கள்.

அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு உடல் நிறை எண் என்று பெயர். எடையைக் கிலோகிராமில் எடுக்க வேண்டும். உயரத்தை மீட்டரில் எடுக்க வேண்டும். எடையை உயரத்தால் ஒரு முறை வகுக்க வேண்டும். வந்த விடையை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒருவரின் எடை 54 கிலோ. உயரம் 1.5 மீட்டர். 54-ஐ 1.5-ஆல் வகுத்தால் 36. அதை மறுபடியும் 1.5-ஆல் வகுத்தால் 24. இதுதான் அவருடைய உடல் நிறை எண்.

பெரியவர்களுக்கு இந்த எண் ஒன்றே போதும். இந்தியப் பெரியவர்களுக்கு 23-க்கு மேல் போனால் கவனம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் பிள்ளைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்கள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். 11 வயதுக்கு ஓர் அளவு. 16 வயதுக்கு வேறு அளவு. ஆணுக்கு ஓர் அளவு. பெண்ணுக்கு வேறு அளவு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் இதற்கான வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டது. சுகாதார மையத்தில் பிள்ளையின் எண்ணை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இது பணக்காரர் நோயா?

முன்பு அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். இன்று நிலைமை வேறு.

உலகம் முழுவதும் எடுத்த கணக்கு ஒன்று 2024-இல் வெளிவந்தது. அதன்படி, 1990-இல் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் சுமார் 4 லட்சம் பேர்தான் மிகப் பருமனாக இருந்தார்கள். 2022-இல் இது சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆகிவிட்டது.

பெரியவர்களின் நிலை என்ன? 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 38 பேர் கூடுதல் எடையோடு இருந்தார்கள். தமிழ்நாட்டில் 100-க்கு 40 பேர். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 24 பேர். அதாவது, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தச் சிக்கல் அதிகம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016 முதல் 2018 வரை 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு தேசிய ஆய்வு நடந்தது. அதில் 100-க்கு 24 பேர் வயதுக்கு ஏற்ற சதை இல்லாமல் மெலிந்திருந்தார்கள். 100-க்கு 5 பேர் கூடுதல் எடையோடு இருந்தார்கள்.

மெலிவும் பருமனும் ஒரே ஊரில் இருக்கின்றன. சில வேளை ஒரே வீட்டிலும் இருக்கின்றன. பருமனான பிள்ளைக்குக்கூட இரத்தச் சோகை இருக்கலாம். வயிறு நிறைந்திருக்கும். ஆனால் இரும்புச் சத்து கிடைத்திருக்காது. எனவே வயிறு நிறைவது வேறு. சத்து கிடைப்பது வேறு.

எடை ஏன் கூடுகிறது?

"தின்று தின்று கொழுத்துவிட்டான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதல்ல. எடை கூடுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

பெற்றோரிடமிருந்து வரும் உடல்வாகு ஒரு காரணம். உணவு இன்னொரு காரணம். எண்ணெயும் சர்க்கரையும் நிறைந்த தின்பண்டம் இன்று எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைக்கிறது. விளையாட இடம் குறைந்துவிட்டது. டியூஷன் கூடிவிட்டது. கையில் செல்போன் இருக்கிறது. இரவுத் தூக்கமும் குறைகிறது. சில நோய்களாலும் சில மருந்துகளாலும்கூட எடை கூடும்.

இவற்றில் எத்தனை பிள்ளையின் கையில் இருக்கின்றன? உடல்வாகைப் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டுச் சமையலைப் பிள்ளை முடிவு செய்யவில்லை. தெருவில் விளையாட்டு மைதானம் இல்லாததற்கும் பிள்ளை பொறுப்பல்ல. அப்படியிருக்க, பழியை மட்டும் பிள்ளையின் தலையில் போடுவது நியாயமா?

சொல் செய்யும் காயம்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கொஞ்சம் பருமன். விருந்துக்கு வந்த மாமா சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

"என்ன மக்கா, கடையில உள்ளதை எல்லாம் நீயே தின்னு தீர்க்கியா?"

எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். அன்று இலையில் வைத்த சோற்றை அவள் தொடவில்லை. பள்ளியிலும் இதே கதைதான். ஓட்டப் பந்தயத்தில் அவள் பெயரைக் கொடுப்பதில்லை. விளையாட்டு வகுப்பில் வயிற்று வலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள். புகைப்படம் எடுத்தால் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். மனம் வருந்தும்போது தனியாக உட்கார்ந்து ஒரு பொட்டலம் முழுவதையும் தின்றுவிடுகிறாள். பிறகு அதற்காகவும் வெட்கப்படுகிறாள்.

என்ன நடந்தது? கேலியால் எடை குறையவில்லை. விளையாட்டு குறைந்தது. ஒளிந்து தின்பது கூடியது. தன்னம்பிக்கை போயிற்று. எடை மேலும் கூடியது. மாமா அன்பாகத்தான் பேசினார். ஆனால் அந்தச் சொல் நன்மை செய்யவில்லை.

இது வெறும் கற்பனை அல்ல. பல நாடுகளில் ஆய்வு செய்து இதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2013-இல் வெளிவந்தது. சில பெற்றோர் பிள்ளையின் எடையைப் பற்றியே பேசினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது போன்ற தவறான பழக்கங்கள் அதிகம் இருந்தன. வேறு சில பெற்றோர் எடையைப் பற்றிப் பேசவில்லை. நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் தவறான பழக்கங்கள் குறைவாக இருந்தன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பேச வேண்டியது உணவைப் பற்றி. உடலைப் பற்றி அல்ல. "நீ குண்டு, அதனால் சாப்பிடாதே" என்பது காயம். "இன்று எல்லாருக்கும் பயறுத் துவரன் வைத்திருக்கிறேன், வா மக்கா" என்பது அன்பு. சொல்லும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். விளைவு வேறு.

பட்டினி கிடந்தால் எடை குறையுமா?

குண்டு என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பிள்ளைகள் முதலில் செய்வது இதுதான். காலை உணவை விட்டுவிடுவார்கள். இது தவறு.

10 வயது முதல் 19 வயது வரை உடல் வேகமாக வளரும் காலம். எலும்பு நீள்கிறது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இரத்தம் பெருகுகிறது. அதற்கு இரும்புச் சத்து வேண்டும். தசை வளர்கிறது. அதற்குப் புரதம் வேண்டும். மாதவிலக்கு வரும் பெண்களுக்கு இரும்புச் சத்து இன்னும் கூடுதலாக வேண்டும். இந்தக் காலத்தில் பட்டினி கிடந்தால் வளர்ச்சி தடைப்படும். இரத்தச் சோகை வரும். மாதவிலக்கு ஒழுங்கு தவறும். படிப்பில் கவனம் நிற்காது.

காலையில் பட்டினி கிடந்தவருக்கு மாலையில் அடங்காத பசி எடுக்கும். அப்போது கண்ணில் படுவதையெல்லாம் தின்னத் தோன்றும். எனவே பட்டினி எடையைக் குறைக்கும் வழி அல்ல. விளம்பரங்களில் வரும் மாத்திரைகளும் பொடிகளும் வழி அல்ல.

வளரும் பிள்ளைக்கு வேறு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை. எடை மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உயரம் கூடக் கூட உடல் நிறை எண் தானே இறங்கும். மேலே பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். எடை 54 கிலோவாகவே இருக்கட்டும். உயரம் 1.5 மீட்டரிலிருந்து 1.6 மீட்டர் ஆகட்டும். 24 ஆக இருந்த எண் 21 ஆகக் குறைந்துவிடும். யாருக்கு இது போதும், யாருக்கு எடை குறைய வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இது பிறந்த ஊர் நீலகிரியில் உள்ள குன்னூர். 1918-இல் அங்கே ஓர் அறையில் தொடங்கியது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இந்தியர்கள் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இந்த நிறுவனம் 2024-இல் புதிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

அது சொல்லும் முக்கியமான செய்தி இது. ஒரு நாள் உணவை ஒரு தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய பாதித் தட்டு காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும். மீதிப் பாதியில் அரிசி போன்ற தானியம், பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை, பால் அல்லது தயிர், கொஞ்சம் கடலை, எள் போன்றவை வர வேண்டும்.

நம் வீட்டுத் தட்டில் என்ன நடக்கிறது? சோறு மலை போல இருக்கும். ஓரத்தில் ஒரு கரண்டிக் கறி இருக்கும். இதைத்தான் மாற்ற வேண்டும். சோற்றை நிறுத்த வேண்டாம். ஒரு கரண்டி குறைக்கலாம். கறியை இரண்டு கரண்டி கூட்டலாம்.

இதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். சாலைத் தெருவிலேயே எல்லாம் கிடைக்கும்.

சிறுபயறு, கொண்டைக்கடலை, பருப்பு: இவற்றில் புரதம் இருக்கிறது. புட்டுக்குக் கடலைக்கறி சேர்த்து உண்பது நல்ல பழக்கம்.

முருங்கைக்கீரை, தண்டுக்கீரை: இவற்றில் இரும்பும் சுண்ணாம்பும் உண்டு. கீரையோடு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

சாளை, நெத்தோலி: இந்தச் சிறு மீன்களில் புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. குழம்பு வைத்துச் சாப்பிடலாம். தினமும் பொரிக்க வேண்டாம்.

பப்பாளி, கொய்யா, வாழைப்பழம்: பழமாகவே உண்பது நல்லது. சாறாக்கிச் சர்க்கரை போட்டால் பயன் குறையும்.

மரச்சீனிக் கிழங்கு: இதில் மாவுச்சத்துதான் அதிகம். கிழங்கு உண்ணும் வேளையில் சோற்றைக் குறைக்க வேண்டும். கூடவே மீன் குழம்போ பயறோ இருந்தால் நல்லது.

ஒரே காய், இரண்டு கணக்கு

உடலுக்குக் கிடைக்கும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் 4 கலோரி தரும். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். அதாவது இரு மடங்குக்கும் மேல்.

100 கிராம் வாழைப்பழம் ஏறக்குறைய 100 கலோரி தருகிறது. அதே 100 கிராம் அளவுக்கு உப்பேரி தின்றால் 500 கலோரிக்கு மேல் கிடைக்கும். ஏன்? காயில் இருந்த தண்ணீர் பொரியும்போது போய்விடுகிறது. அந்த இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. பொரித்த வாழைக்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான்.

அதற்காக உப்பேரியே கூடாதா? அப்படியில்லை. ஓணத்துக்கு உப்பேரி இல்லாமல் இலை நிறையுமா? ஆற்றுகால் பொங்கலுக்குச் சர்க்கரைப் பாயசம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? திருவிழா உணவு திருவிழாவுக்கு. அன்று எல்லாரோடும் சேர்ந்து பிள்ளையும் மகிழ்ச்சியாக உண்ணட்டும். ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் உப்பேரி, பழம்பொரி, வடை என்றால் அதுதான் சிக்கல். மற்ற நாள்களில் அவித்த பயறு, அவித்த நேந்திரம்பழம், வேர்க்கடலை, மோர் கொடுக்கலாம்.

பொட்டலத்தைப் படிப்போம்

எழுத்தறிவு எதற்குப் பயன்படும்? கடிதம் எழுத, கணக்குப் பார்க்க, பேருந்துப் பலகை படிக்க. இன்னொன்றுக்கும் பயன்படும். பிள்ளை தின்னும் பொட்டலத்தைப் படிக்கப் பயன்படும்.

பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். உப்பைச் சோடியம் என்று குறிப்பிடுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே படித்துச் சொல்லும்.

ஒரு குளிர்பானப் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்று எழுதியிருக்கிறது. பாட்டில் 250 மில்லி. அப்படியானால் அதில் உள்ள சர்க்கரை 25 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 5 தேக்கரண்டி. ஒரு டம்ளர் தேநீரில் 5 கரண்டி சர்க்கரை போட்டால் யாராவது குடிப்பார்களா? குளிரவைத்துக் கொடுத்தால் தெரியாமல் குடித்துவிடுகிறோம்.

பொட்டலத்தில் இன்னொரு வரியும் உண்டு. என்னென்ன பொருள் சேர்த்தார்கள் என்ற பட்டியல் அது. எது அதிகமோ அது முதலில் வரும். முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையோ எண்ணெயோ இருந்தால் அது தினமும் உண்ணும் பொருள் அல்ல.

உப்புக்கும் ஓர் அளவு உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வீட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டம் எல்லாம் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பிள்ளையைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள். "எனக்கு இந்த இங்கிலீஷ் தெரியாது மக்கா, நீ படிச்சுச் சொல்லு" என்று அம்மா கேட்கட்டும். பிள்ளை படித்துச் சொல்லும். வீட்டில் தன் அறிவுக்கு மதிப்பு இருக்கிறது என்று அதற்குத் தெரியும். யாரும் தடுக்காமலே அந்தப் பொட்டலத்தைப் பற்றி அது யோசிக்கும். அறிவும் தன்னம்பிக்கையும் சேர்ந்து வளர்வது இப்படித்தான்.

ஓடி விளையாடு, நன்றாக உறங்கு

5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைத்து விளையாட வேண்டும். இதுவும் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னதுதான். ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு நடப்பது, கயிறு தாண்டுவது, சைக்கிள் ஓட்டுவது, பந்து விளையாடுவது எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பருமனான பிள்ளைக்கு ஓட்டப் பந்தயம் பிடிக்காமல் இருக்கலாம். தோற்றுத் தோற்று வெட்கப்பட்டிருக்கும். அதை வற்புறுத்த வேண்டாம். பிடித்ததைச் செய்யட்டும். நீச்சல், நடனம், சிலம்பம், சைக்கிள் என எத்தனையோ இருக்கின்றன. பந்தை ஓங்கி எறிவதிலும் குண்டு எறிவதிலும் கனமான பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். எதில் திறமை என்று கண்டுபிடிக்க ஆசிரியர் உதவலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் பல வீடுகளில் விளையாட்டை நிறுத்திவிடுகிறார்கள். "பெரிய பிள்ளை ஆயிட்டே, வெளியே ஓடாதே" என்கிறார்கள். உடலுக்கு விளையாட்டு மிகவும் தேவைப்படும் காலத்தில் இது நடக்கிறது. பிறகு அவள் பருமனானால் அதற்கும் அவளையே குறை சொல்கிறார்கள். தோழிகளோடு சேர்ந்து நடக்கவும் விளையாடவும் பெண் பிள்ளைகளுக்கு வழி செய்ய வேண்டும்.

தூக்கமும் சத்துணவைப் போன்றதுதான். வளரிளம் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். படுக்கைக்குச் செல்போன் வர வேண்டாம். பெற்றோரின் செல்போனும் வர வேண்டாம்.

அரசு என்ன செய்யலாம்?

வீடு மட்டும் மாறினால் போதாது. தெருவும் பள்ளியும் மாற வேண்டும்.

கேரள அரசு 2016-இல் ஒரு புதுமை செய்தது. அப்போது தாமஸ் ஐசக் நிதி அமைச்சராக இருந்தார். பெரிய நிறுவன உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்ற உணவுகளுக்கு 14.5 சதவீத வரி போட்டார். இதைக் கொழுப்பு வரி என்று எல்லாரும் அழைத்தார்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் இப்படி வரி போட்டது அதுவே முதல் முறை. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நாடு முழுவதும் வந்தது. அதோடு அந்த மாநில வரி முடிந்துபோனது. ஆனாலும் பிள்ளைகளின் உணவு அரசும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று அது காட்டியது.

2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி செய்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. இந்த விதி இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம். பள்ளி வாசலில் எது விற்கிறது என்று பார்க்கலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சில அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கக் கூடாது.

பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருப்பது. இது அழுக்கு அல்ல. தேய்த்துக் குளித்தால் போகாது. சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர். தூக்கத்தில் பலமான குறட்டை. சிறிது நடந்தாலே மூச்சு வாங்குவது. பெண்களுக்கு மாதக் கணக்கில் மாதவிலக்கு வராமல் இருப்பது. முழங்கால் அல்லது இடுப்பு வலி. குறுகிய காலத்தில் எடை வேகமாக ஏறுவது.

முன்பு நாற்பது வயதுக்கு மேல் வந்த சர்க்கரை நோய் இப்போது சில பிள்ளைகளுக்கும் வருகிறது. முதலிலேயே கண்டால் தடுக்கலாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. அது தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உரிய அரசு மருத்துவமனை.

மனத்துக்கும் மருத்துவம் உண்டு. பிள்ளை யாரோடும் பேசாமல் இருந்தால் கவனியுங்கள். பள்ளிக்குப் போக மறுத்தாலும், உண்டதை வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலும், வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் உடனே உதவி தேட வேண்டும். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் பேசலாம். 14416 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் தொலைபேசியில் பேசலாம். மனநல உதவிக்காக மத்திய அரசு 2022-இல் தொடங்கிய எண் இது.

வீடு முழுவதும் மாற வேண்டும்

ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். தம்பிக்கு வடை, அக்காவுக்கு வெறும் கஞ்சி என்றால் அது தண்டனை போல ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே உணவு இருக்கட்டும். அப்பாவும் தட்டில் கறியைக் கூட்டட்டும். பாட்டியும் தேநீரில் சர்க்கரையைக் குறைக்கட்டும். நல்ல உணவு மெலிந்தவருக்கும் நல்லது. பருமனானவருக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போகலாம். கையில் பணத்தைக் கொடுத்து, "இந்த வாரத்துக் காய்கறியை நீயே வாங்கு" என்று சொல்லலாம். எது பிஞ்சு, எது முற்றல் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். விலை பேசக் கற்றுக்கொள்ளும். சமைக்கவும் கற்றுக்கொடுக்கலாம். பெண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, ஆண் பிள்ளைக்கும்தான். தான் வாங்கித் தான் சமைத்த காயைப் பிள்ளை விரும்பி உண்ணும்.

எடை மெல்லத்தான் மாறும். மாதங்கள் ஆகும். ஆண்டும் ஆகலாம். சிலருக்கு அதிகம் மாறாமலும் இருக்கலாம். ஆனால் நல்ல உணவும் விளையாட்டும் உறக்கமும் எடை மாறாவிட்டாலும் பயன் தரும். இதயம் பலப்படும். இரத்தம் ஊறும். மூச்சு வாங்குவது குறையும்.

தராசு காட்டுவது உடலின் எடையை மட்டும்தான். படிப்பையும் பாட்டையும் அன்பையும் உழைப்பையும் எந்தத் தராசும் காட்டாது. எந்த உருவத்தில் இருந்தாலும் வீட்டில் மதிப்பு உண்டு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால் மாற்றத்துக்கான முதல் அடியை அது தானே எடுத்து வைக்கும்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டுத் தட்டில் பாதி அளவு காய்கறி இருக்கிறதா? இல்லையென்றால் எதைக் கூட்டலாம்?

2. வீட்டில் உள்ள ஒரு தின்பண்டப் பொட்டலத்தை எடுங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை? பொட்டலம் முழுவதிலும் எவ்வளவு?

3. உடலைச் சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்யும் பட்டப் பெயர்கள் உங்கள் தெருவில் உண்டா? அவற்றை நிறுத்த என்ன செய்யலாம்?

4. உங்கள் பகுதியில் பெண் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்க வேண்டும்?